பிரெக்ஸிற்: வெளியேற வாக்களித்த நாடு ஏன் வாசலிலேயே நிற்கிறது?

லண்டனில் இருக்கும் அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பார். சுகம் விசாரித்து, ஊர்ப் புதினங்கள் கேட்டு முடிந்ததும் கடந்த மூன்று வருடங்களாக அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "தம்பி, நீ பேப்பருக்கு எழுதிற ஆள். இவங்கள் போறாங்களோ, இல்லையோ? அதை ஒருக்காச் சொல்லு."

அவருடைய கேள்விக்குக் காரணம் உண்டு. போர்க்காலத்தில் நாட்டை விட்டு வெளியேறிய அக்கா நெதர்லாந்தில் தஞ்சம் பெற்று, அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றவர். பின்னர் பிள்ளைகளின் படிப்புக்காக லண்டனுக்குப் போய்க் குடியேறினார். ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமகள் என்பதால் அதற்கு அவருக்கு விசா தேவைப்படவில்லை. இப்படி ஜேர்மன், பிரெஞ்சு, டச்சுக் கடவுச்சீட்டுகளோடு பிரித்தானியாவில் போய்க் குடியேறிய ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பல. இப்போது அவர்கள் எல்லோரும் தொடர்ந்து அங்கே வாழ்வதற்கென விண்ணப்பித்து அனுமதி பெறவேண்டும். "ஒருக்கா அகதியாப் பதிஞ்சது காணாதோ?" என்று அக்கா கேட்டார்.

அவருடைய கேள்விக்கு என்னிடம் இன்றுவரை நேரான பதில் இல்லை. ஆனால் ஏன் பதில் இல்லை என்பதை என்னால் விளக்க முடியும். ஒரு பொதுவாக்கெடுப்பில் வென்ற முடிவு மூன்று வருடங்களாக ஏன் நிறைவேறாமல் நிற்கிறது என்பது, பொதுவாக்கெடுப்பு என்ற சொல்லை அடிக்கடி கேட்டுப் பழகிய நாங்களும் விளங்கிக்கொள்ள வேண்டிய விடயம்.

இன்றைய நிலை

இதை எழுதும் 2019 செப்ரெம்பர் இறுதியில், பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறவேண்டிய திகதி ஒக்ரோபர் 31. முதலில் குறிக்கப்பட்ட திகதி கடந்த மார்ச் 29. அது ஏப்ரல் 12 ஆகி, பிறகு ஒக்ரோபர் 31 ஆகியிருக்கிறது.

ஜூலை 24ஆம் திகதி பதவியேற்ற பிரதமர் பொறிஸ் ஜோன்சன், உடன்பாடு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அன்று வெளியேறியே தீருவோம் என்கிறார். நாடாளுமன்றத்தை ஐந்து வாரங்களுக்கு ஒத்திவைக்கும்படி அவர் மகாராணிக்கு வழங்கிய ஆலோசனை சட்டவிரோதமானது என்று பிரித்தானிய உயர் நீதிமன்றத்தின் 11 நீதியரசர்களும் கடந்த 24ஆம் திகதி ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர். மறுநாளே நாடாளுமன்றம் மீண்டும் கூடியது.

இந்தக் காட்சி எங்களுக்குப் புதிதல்ல. கடந்த டிசெம்பர் 13ஆம் திகதி, ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன நாடாளுமன்றத்தைக் கலைத்தது அரசியலமைப்புக்கு முரணானது என்று எமது உயர் நீதிமன்றத்தின் 7 நீதியரசர்கள் ஏகமனதாகத் தீர்ப்பளித்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். ஆனால் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே நடந்தது யார் பிரதமர் என்ற சண்டை. நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அது ஓய்ந்தது. அங்கே நீதிமன்றம் நாடாளுமன்றத்தைத் திறந்துவிட்டது. திறந்த நாடாளுமன்றத்துக்கு என்ன முடிவெடுப்பது என்று இன்னமும் தெரியவில்லை.

கேட்கப்பட்ட கேள்வியும் கேட்கப்படாத கேள்வியும்

பிரித்தானியா 1973ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் திகதி, அப்போது ஐரோப்பிய பொருளாதார சமூகம் என்று அழைக்கப்பட்ட அமைப்பில் சேர்ந்தது. இரண்டு வருடங்களின் பின் நடந்த வாக்கெடுப்பில் 67 வீதமானோர் அதில் தொடர்ந்து இருப்பதை ஆதரித்தனர். ஆனாலும் பழமைவாதக் கட்சிக்குள் அந்தத் தகராறு தீரவில்லை. அதைத் தீர்த்துவைப்பதற்காக 2013இல் பிரதமர் டேவிட் கமரூன் ஒரு பொதுவாக்கெடுப்பை வாக்குறுதியளித்தார். தொடர்ந்து இருப்பது என்ற முடிவே வரும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

2016 ஜூன் 23ஆம் திகதி நடந்த வாக்கெடுப்பில் 51.9 வீதமானோர் வெளியேறவும் 48.1 வீதமானோர் தொடர்ந்து இருக்கவும் வாக்களித்தனர். ஒரு கோடியே 74 இலட்சம் பேருக்கு எதிராக ஒரு கோடியே 61 இலட்சம் பேர். கமரூன் இராஜினாமாச் செய்தார்.

வாக்குச்சீட்டில் இருந்தவை இரண்டு பெட்டிகள். ஒன்றியத்தில் தொடர்ந்து இருப்பதா, வெளியேறுவதா என்பது மட்டுமே கேள்வி. வெளியேறி எங்கே போவது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குறைந்தது நான்கு பதில்கள் வந்திருக்கும். நோர்வேயைப் போல ஒன்றியத்துக்கு வெளியே நின்று அதன் ஒற்றைச் சந்தைக்குள் இருக்கலாம். துருக்கியைப் போலச் சுங்க ஒன்றியத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். கனடாவைப் போல ஒரு வர்த்தக ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். எந்த உடன்பாடும் இல்லாமல் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போகலாம். வெளியேறும்படி வாக்களித்த 51.9 வீதத்துக்குள் இந்த நான்கையும் விரும்பியவர்கள் கலந்திருந்தார்கள்.

வெளிக்கிடுவது ஒரு முடிவு. எங்கே போவது என்பது இன்னொரு முடிவு. இதை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்திலிருந்து ஒன்றாக வெளிக்கிட்ட சனம், நாவற்குழிப் பாலம் தாண்டிய பிறகு பிரிந்தது. சிலர் தென்மராட்சியில் தங்கினார்கள். சிலர் கிளாலிக் கடலேரி கடந்து வன்னிக்குப் போனார்கள். ஒரே வீட்டுக்குள்ளேயே இதில் ஒருமித்த முடிவு இருக்கவில்லை. எங்களுக்கு அன்று யோசிக்க நேரம் இருக்கவில்லை. பிரித்தானியாவுக்கு வருடக்கணக்கில் நேரம் இருந்தது. இருந்தும் வெளியேறினால் என்ன வடிவில் வெளியேறுவது என்ற திட்டத்தை அரசாங்கம் தயாரித்து மக்கள் முன் வைக்கவில்லை.

யார் வாக்களிக்கலாம் என்பதிலும் ஒரு விசித்திரம் இருந்தது. நெதர்லாந்துக் கடவுச்சீட்டு வைத்திருந்த அக்காவுக்கு, அவருடைய வாழ்க்கையையே மாற்றக்கூடிய அந்த வாக்கெடுப்பில் வாக்கு இருக்கவில்லை. ஆனால் பிரித்தானியாவில் சட்டப்படி வசிக்கும் பொதுநலவாய நாட்டவர்களுக்கு வாக்கு இருந்தது. இலங்கைக் கடவுச்சீட்டோடு சில வருடங்களுக்கு முன் வந்த அவருடைய பக்கத்து வீட்டுப் பிள்ளை போய் வாக்களித்துவிட்டு வந்தாள்.

அயர்லாந்து எல்லை

கேட்கப்படாத கேள்வி கடதாசியில் இருக்கும்வரை சமாளிக்கலாம். அது நிலத்தில் வந்து நின்ற இடம் வட அயர்லாந்து.

வட அயர்லாந்து பிரித்தானியாவின் ஒரு பகுதி. அதற்குத் தெற்கே அயர்லாந்துக் குடியரசு, தொடர்ந்தும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கப்போகும் நாடு. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 500 கிலோமீற்றர் நீளமான எல்லை. அதை 200இற்கும் மேற்பட்ட வீதிகள் குறுக்கறுக்கின்றன. சில கமக்காரர்களுக்கு வீடு ஒரு நாட்டில், வயல் இன்னொரு நாட்டில்.

1960களின் இறுதியிலிருந்து 30 வருடங்கள் நீடித்த மோதலில் 3,500 பேரளவில் கொல்லப்பட்டார்கள். எல்லையில் இராணுவக் காவல் கோபுரங்கள் நின்றன. சிறிய வீதிகளை இராணுவம் குண்டு வைத்துத் தகர்த்தும் கொங்கிறீற் கட்டைகள் போட்டும் மூடியது. சுங்க நிலையங்களும் தாக்குதலுக்கு இலக்காகின. இன்று அங்கே வாகனத்தில் போகிறவருக்கு எல்லையைத் தாண்டியதே தெரியாது. வேகக் கட்டுப்பாட்டுப் பலகையில் மைல் கிலோமீற்றராக மாறுவதை வைத்துத்தான் நாடு மாறியதை அறியலாம்.

இந்த மாற்றத்துக்கு இரண்டு காரணங்கள். 1993இல் ஐரோப்பிய ஒற்றைச் சந்தை வந்தபோது சுங்கச் சோதனை இல்லாமல் போனது. 1998இல் பெரிய வெள்ளி உடன்படிக்கை வந்த பிறகு இராணுவம் எல்லையிலிருந்து படிப்படியாக விலகியது. ஒன்று வர்த்தகச் சட்டம், மற்றது சமாதானம். இரண்டும் சேர்ந்தே அந்த எல்லையைக் கண்ணுக்குத் தெரியாததாக்கின.

ஒன்றியத்தை விட்டு வெளியேறினால் அந்த முதலாவது காரணம் இல்லாமல் போகும். ஓர் உதாரணம் சொல்கிறேன். குளோரின் கலந்த நீரில் கழுவிய கோழி இறைச்சியை ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்திருக்கிறது. நாளை பிரித்தானியா அமெரிக்காவோடு ஒப்பந்தம் செய்து அதை அனுமதித்தால், அந்த இறைச்சி வட அயர்லாந்து வழியாகத் தெற்கே போகாமல் யாராவது எங்காவது நின்று பார்க்கவேண்டும். பார்ப்பதற்கு ஒரு கட்டடம் வேண்டும். கட்டடத்துக்குக் காவல் வேண்டும். அந்தக் காவலுக்கு என்ன நடக்கும் என்பது வட அயர்லாந்து மக்களின் பயம்.

ஓமந்தையிலும் முகமாலையிலும் வரிசையில் நின்றவர்களுக்கு இந்தப் பயம் விளங்கும். பாஸ் எடுத்த காலமும், இரண்டு பற்றரிகளுக்காகப் பொதியைக் கிளறிய காலமும் எங்களுக்கு மறக்கவில்லை. சோதனைச்சாவடி ஒரு நிர்வாக ஏற்பாடுதான் என்று தூரத்தில் இருப்பவர் சொல்லலாம். அதற்குள்ளால் போய்வந்தவர் அப்படிச் சொல்லமாட்டார். 2002இல் ஏ-9 வீதி திறந்தபோது ஏற்பட்ட நிம்மதியையும், 2006 ஓகஸ்டில் முகமாலை மூடப்பட்டபோது யாழ்ப்பாணம் பட்ட பாட்டையும் நினைத்துப் பார்த்தால், அயர்லாந்துக்காரர் ஏன் இந்த விடயத்தில் விட்டுக்கொடுக்க மறுக்கிறார்கள் என்பது புரியும்.

வட அயர்லாந்தில் ஆயுதங்கள் முற்றாக மறைந்துவிடவும் இல்லை. கடந்த ஏப்ரல் 18ஆம் திகதி டெரி நகரில் நடந்த கலவரத்தின்போது லைரா மக்கீ என்ற 29 வயது ஊடகவியலாளர் சுட்டுக்கொல்லப்பட்டார். புதிய ஐ.ஆர்.ஏ. என்ற குழு அதற்குப் பொறுப்பேற்றது. மூன்று நாட்களில் இங்கே உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நிகழ்ந்ததால் அந்த மரணம் எங்கள் கவனத்துக்கு அதிகம் வரவில்லை.

ஒன்றாகச் சேராத மூன்று வாக்குறுதிகள்

கமரூனுக்குப் பிறகு வந்த தெரேசா மே மூன்று வாக்குறுதிகளை வழங்கினார். ஒற்றைச் சந்தையையும் சுங்க ஒன்றியத்தையும் விட்டு வெளியேறுவோம். அயர்லாந்தில் மீண்டும் சோதனைச்சாவடி வராது. வட அயர்லாந்து பிரித்தானியாவின் ஏனைய பகுதிகளிலிருந்து வேறாக நடத்தப்படமாட்டாது.

இவற்றில் எந்த இரண்டையும் காப்பாற்றலாம். மூன்றையும் ஒன்றாகக் காப்பாற்ற வழியில்லை. சந்தையை விட்டு வெளியேறினால் சோதனை எங்கோ நடக்கவேண்டும். நிலத்தில் நடத்தினால் இரண்டாவது வாக்குறுதி போய்விடும். வட அயர்லாந்துக்கும் பிரித்தானியத் தீவுக்கும் இடையிலான கடலில் நடத்தினால் மூன்றாவது போய்விடும். எங்கேயும் நடத்தாமல் விட்டால் முதலாவது போய்விடும்.

2018 நவம்பரில் மே செய்துகொண்ட உடன்பாட்டில் இதற்கு ஒரு காப்பு ஏற்பாடு இருந்தது. 'பக்ஸ்ரொப்' என்று செய்திகளில் அடிபடுவது அதுதான். வேறு நல்ல வழி கண்டுபிடிக்கப்படும்வரை முழுப் பிரித்தானியாவும் ஒன்றியத்தோடு ஒரே சுங்கப் பிரதேசமாக இருக்கும். வட அயர்லாந்து அதற்கு மேலதிகமாக ஒற்றைச் சந்தையின் சில விதிகளையும் பின்பற்றும். பிரித்தானியா தனித்து முடிவெடுத்து இதிலிருந்து விலக முடியாது.

இது எல்லோருக்கும் பிடிக்காமல் போனது, ஆனால் வெவ்வேறு காரணங்களுக்காக. முழுமையாக வெளியேறக் கேட்டவர்கள் இதைப் பொறி என்றார்கள். வட அயர்லாந்தின் ஜனநாயக ஒன்றியவாதக் கட்சி தங்களை வேறாக்குகிறது என்றது. தொழிற்கட்சி நிரந்தர சுங்க ஒன்றியம் வேண்டும் என்றது. ஒன்றியத்திலேயே இருக்க விரும்பியவர்கள் இரண்டாவது வாக்கெடுப்புக் கேட்டார்கள்.

மேயின் கையில் பெரும்பான்மையும் இருக்கவில்லை. 2017 ஜூனில் தேவையில்லாமல் தேர்தலை நடத்தி இருந்த பெரும்பான்மையையும் இழந்து, ஜனநாயக ஒன்றியவாதக் கட்சியின் 10 ஆசனங்களில் தங்கியிருந்தார். இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. வட அயர்லாந்து மக்களில் 55.8 வீதமானோர் ஒன்றியத்தில் தொடர்ந்து இருக்க வாக்களித்தவர்கள். ஆனால் லண்டனில் அவர்களுக்காகப் பேசிய பிரதான குரல் வெளியேறக் கேட்ட கட்சியினுடையது. சின் பெயின் கட்சியின் 7 உறுப்பினர்கள் தங்கள் கொள்கைப்படி லண்டன் நாடாளுமன்றத்தில் அமர்வதில்லை. பெல்பாஸ்ற்றில் உள்ள அவர்களுடைய சொந்த ஆட்சிமன்றமோ 2017 ஜனவரியில் குலைந்தது, இன்னும் இயங்கவில்லை. எல்லைக்கு அருகில் வாழும் மக்கள்தான் இந்த விவாதத்தில் ஆகக்குறைவாகக் கேட்கப்பட்டவர்கள்.

'வேண்டாம்' என்பதற்கு மட்டும் பெரும்பான்மை

இந்த ஆண்டு ஜனவரி 15ஆம் திகதி மேயின் உடன்பாடு 202இற்கு எதிராக 432 வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டது. 230 வாக்கு வித்தியாசத்தில் ஓர் அரசாங்கம் தோற்றது நவீன பிரித்தானிய வரலாற்றில் இதுவே முதல்தடவை. மறுநாள் வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அதே அரசாங்கம் 19 வாக்குகளால் தப்பியது. மார்ச் 12இல் உடன்பாடு 149 வாக்குகளாலும் மார்ச் 29இல் 58 வாக்குகளாலும் மீண்டும் தோற்றது. ஒரே பிரேரணையை ஒரே கூட்டத்தொடரில் திரும்பத் திரும்பக் கொண்டுவர முடியாது என்று சபாநாயகர் ஜோன் பேர்கோ 1604ஆம் ஆண்டுவரை செல்லும் மரபை எடுத்துக்காட்டினார்.

அப்படியென்றால் உறுப்பினர்களுக்கு என்னதான் வேண்டும்? அதையும் கேட்டுப் பார்த்தார்கள். மார்ச் 27இல் எட்டு யோசனைகள் வாக்கெடுப்புக்கு விடப்பட்டன. எட்டும் தோற்றன. ஏப்ரல் 1இல் நான்கு யோசனைகள். நான்கும் தோற்றன. சுங்க ஒன்றிய யோசனை வெறும் 3 வாக்குகளால் தோற்றது. உடன்பாடு இல்லாமல் வெளியேறுவதையும் அதே சபை நிராகரித்தது.

இதைப் பார்த்து உறுப்பினர்கள் பிடிவாதக்காரர் என்று பலர் திட்டுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மக்களிடம் கேட்காமல் விட்ட கேள்வியை 650 பேரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால், மக்களுக்குள் இருக்கும் அதே பிரிவு அங்கேயும் தெரியத்தானே செய்யும்.

மே இராஜினாமாச் செய்தார். ஜோன்சன் வந்தார். காப்பு ஏற்பாட்டை எடுத்துவிடுங்கள் என்கிறார் ஜோன்சன். அதற்குப் பதிலாக என்ன வைக்கிறீர்கள் என்று கேட்கிறது பிரசல்ஸ். செப்ரெம்பர் 3ஆம் திகதி அவருடைய கட்சி உறுப்பினர் ஒருவர் விவாதத்தின் நடுவே எழுந்து எதிர்த்தரப்பில் போய் அமர்ந்ததோடு அரசாங்கத்தின் பெரும்பான்மை போனது. அன்றிரவு எதிராக வாக்களித்த 21 பேரை ஜோன்சன் கட்சிக் குழுவிலிருந்து நீக்கினார். வின்ஸ்ரன் சேர்ச்சிலின் பேரனும் அதில் ஒருவர். ஒக்ரோபர் 19இற்குள் உடன்பாட்டையோ உடன்பாடின்றி வெளியேறுவதையோ நாடாளுமன்றம் அங்கீகரிக்காவிட்டால், 2020 ஜனவரி 31வரை பிரதமர் அவகாசம் கேட்கவேண்டும் என்று இப்போது சட்டமே வந்துவிட்டது. தேர்தலுக்குப் போக ஜோன்சன் இருமுறை முயன்றார். அதற்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்கவில்லை.

தேர்தல் வந்தால் ஒரு கட்சிக்குப் பெரும்பான்மை கிடைக்கலாம். முட்டுக்கட்டை நீங்கவும் கூடும். ஆனால் மூன்று வாக்குறுதிகளில் எதைக் கைவிடுவது என்ற கேள்வி அப்போதும் அப்படியே இருக்கும். யாரோ ஒரு தரப்பிடம் கொடுத்த வாக்கை மீறித்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

அதே நாட்டில் நடந்த வேறு இரண்டு வாக்கெடுப்புகளை நினைத்துப் பார்க்கிறேன். 1998 மே 22ஆம் திகதி பெரிய வெள்ளி உடன்படிக்கை மீது வாக்கெடுப்பு நடந்தபோது, அதன் முழு வாசகமும் வட அயர்லாந்தின் ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்பப்பட்டிருந்தது. வாசித்துவிட்டு 71.1 வீதமானோர் ஆம் என்றார்கள். 2014இல் ஸ்கொட்லாந்து தனிநாடாவது பற்றி வாக்கெடுப்பு நடத்தியபோது, பிரிந்த பிறகு நாணயம், ஓய்வூதியம், பாதுகாப்பு என்பன எப்படி இருக்கும் என்று 600 பக்கங்களுக்கு மேற்பட்ட ஆவணம் ஒன்றை ஸ்கொட்லாந்து அரசு முன்கூட்டியே வெளியிட்டிருந்தது. அந்த வாக்கெடுப்பில் பிரிவினை தோற்றது. ஆனால் எதற்கு வாக்களித்தோம் என்பதில் யாருக்கும் குழப்பம் இருக்கவில்லை.

2016இல் அதே ஸ்கொட்லாந்தின் 62 வீதமானோர் ஒன்றியத்தில் இருக்க வாக்களித்தார்கள். மொத்த எண்ணிக்கையில் அவர்கள் அடிபட்டுப் போனார்கள். பெரும்பான்மை எண்ணிக்கை ஒரு சிறிய தேசத்தின் விருப்பத்தை எப்படி விழுங்கும் என்பதை எங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

பொதுவாக்கெடுப்பு எங்கள் அரசியலிலும் ஒரு கோரிக்கையாக இருக்கிறது. அதைக் கேட்பது தவறு என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் கேட்பவர்கள் சில கேள்விகளுக்கு இப்போதே பதில் எழுதி வைக்கவேண்டும். சீட்டில் என்ன கேள்வி இருக்கும்? யாருக்கு வாக்கு? 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுக்கும் வெளிநாடுகளில் இருக்கும் எங்கள் உறவுகளுக்கும் அதில் இடம் உண்டா? வடக்கும் கிழக்கும் வேறு வேறாகப் பதில் சொன்னால் என்ன செய்வது? வென்ற மறுநாள் காலையில் கடற்கரையிலும் வயலிலும் வீதியிலும் என்ன மாறும்? இவற்றை மேடையில் சொல்வது கடினம். கைதட்டும் கிடைக்காது. ஆனால் இவற்றைச் சொல்லாமல் விட்ட ஒரு பணக்கார நாடு, போர் நடக்காத ஒரு காலத்தில், மூன்று வருடங்களாக எப்படி நிற்கிறது என்பது கண்முன் தெரிகிறது.

போன ஞாயிறும் அக்கா எடுத்தார். விண்ணப்பத்தைப் போட்டுவிட்டாராம். ஐந்து வருடங்களுக்கு மேலாக அங்கே வாழ்வதைக் காட்டப் பழைய மின்சாரப் பில், வரிக் கடிதம் எல்லாவற்றையும் தேடி எடுத்தாராம். "எங்கட ஆக்களுக்குக் கடதாசி எறியிற பழக்கம் இல்லாதது நல்லதாப் போச்சு" என்று சிரித்தார். பிறகு வழமையான கேள்வியைக் கேட்டார்.

ஒக்ரோபர் 31 மட்டும் பாப்பம் அக்கா என்றேன்.